விலகிச் சென்ற புலனாய்வாளர்

ஆலிவர் ஸ்டோன் இயக்கிய ‘ஜே.எஃப்.கே.’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் 1991-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. கத்தோலிக்கர் ஒருவர் முதன்முறையாக அமெரிக்கக் குடியரசுத் தலைவரானார். மூன்றாண்டுகள் நிறைவதற்குள், 1963 நவம்பர் 22 அன்று, டல்லஸ் நகர வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலையின் மருமத்தை நேர்மையாளர் ஒருவர் தன்னந்தனியாகத் துணிந்து தேடிய வரலாறு என்பதே இப்படத்துக்கு நம்மவரிடையே உள்ள பெயர். நாம் குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில் இதன் ஒளிநாடா கைமாறிக் கைமாறித் தேய்ந்தது. அண்மையில் பங்கு இளைஞர் சிலர் இதைப் பார்த்துவிட்டு, ‘அரசு வழக்கறிஞர் என்றால் இவரல்லவா!’ என வியந்து பேசியதைக் கேட்டு, மீண்டும் ஒருமுறை பொறுமையாகப் பார்த்தோம். மூன்று மணி நேரத்துக்கும் மேலாக ஓடும் படம். அதன் கலை ஆற்றலை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதில் வந்து போகும் ஒரு சிறு பாத்திரம் நம் நெஞ்சை உறுத்தியது. பில் புரூசார்ட் என்னும் புலனாய்வாளர் பாத்திரம் அது.

படத்துக்குள் நுழையுமுன் அந்த அலுவலகம் எத்தகையது என்பதை அறிந்துகொள்வது நல்லது. நம் நாட்டில் குற்றத்தைப் புலனாய்வது காவல்துறை. அரசு வழக்கறிஞர் அதன் முடிவைக் கையில் வாங்கி நீதிமன்றத்தில் வழக்கை நடத்துகிறார். அமெரிக்காவிலோ மாவட்ட அரசு வழக்கறிஞர் மக்களின் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். அவருடைய அலுவலகத்திலேயே அவருக்குக் கீழ்ப் பணிபுரியும் புலனாய்வாளர்களும் உண்டு. சாட்சிகளைத் தேடிக் கண்டுபிடிப்பது, அவர்கள் கூறுவதை எழுதி வாங்குவது, காவலர் விட்டுவிட்ட இடங்களை மீண்டும் துருவுவது, அழைப்பாணைகளைச் சேர்ப்பிப்பது ஆகியன இவர்களின் அன்றாட வேலைகள். லூசியானா மாநிலத்தில் இன்னொரு வேடிக்கை. அங்கே மாவட்டத்துக்குப் ‘பங்கு’ என்றே பெயர். பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சிக் காலத்துத் திருச்சபைப் பிரிவின் பெயர் அப்படியே அரசாங்கத்தின் பெயராக நிலைத்துவிட்டது. எனவே, 1962 முதல் 1973 வரை ஜிம் காரிசன் வகித்த பதவியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘ஆர்லியன்ஸ் பங்கின் வழக்கறிஞர்’ என்றே வரும். பங்குத் தந்தையாகிய நமக்கு இது சிறு புன்னகையைத் தந்தது.

கென்னடியைக் கொன்றதாகக் கைது செய்யப்பட்ட லீ ஆஸ்வால்டு, நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தவர். 1963-ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தை அந்நகரிலேயே கழித்தவர். இந்த நூலிழையைப் பற்றிக்கொண்டு 1966-இன் இறுதியில் காரிசன் தமது விசாரணையைத் தொடங்கினார். 1967 மார்ச் 1 அன்று, கிளே ஷா என்னும் ஓய்வுபெற்ற வணிகப் பிரமுகரைக் கொலைச் சதிக் குற்றத்துக்காகக் கைது செய்தார். கென்னடி கொலை தொடர்பாக நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்ட ஒரே சதி வழக்கு அதுவே. படம் இந்த விசாரணையை முதுகெலும்பாகக் கொண்டது. காரிசன் 1988-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலே அதன் மூலங்களுள் தலையாயது. காரிசனாக கெவின் காஸ்ட்னர் நடித்துள்ளார். அமைதியான முகம், மூக்குக்கண்ணாடி, குடும்பப் பாசம், நாட்டுப்பற்று என எல்லாம் பொருந்திய நாயகன். உண்மையான காரிசனோ இப்படத்திலேயே தம் எதிரணித் தலைவராகிய நீதிபதி வாரனின் வேடத்தில் தோன்றுகிறார். குறும்பான தேர்வுதான்.

அலுவலகக் காட்சிகள் படத்தின் உயிர்நாடி. உணவகத்து மேசையைச் சுற்றியமர்ந்து, ஒவ்வொருவரும் தாம் திரட்டிய செய்தியை முன்வைப்பதும், ஒன்று மற்றொன்றோடு பொருந்துவதைக் கண்டு அவர்களின் கண்கள் விரிவதும் நம்மையும் அந்த மேசைக்கே இழுத்துச் செல்கின்றன. அரிய கோப்புகள், பழைய முகவரிகள், மறந்துபோன சாட்சிகள் என்று தேடலின் மணம் அக்காட்சிகளில் கமழ்கிறது. ஆனால் ஊன்றி நோக்குங்கால் ஒன்று புலப்படும். அம்மேசைக்கு வரும் செய்தி அனைத்தும் ஒரே திசையில்தான் பாய்கிறது. ‘இது நம் கருத்துக்கு எதிரானது’ என்று எவரேனும் ஒரு தாளை எடுத்து வைப்பதில்லை. ஐயுறுபவர் புரூசார்ட் ஒருவரே. அவரது ஐயம் படத்தில் ஐயமாக மதிக்கப்படவில்லை. முதலில் அவர் எரிச்சலூட்டுகிறார், பின்னர் சகபணியாளரோடு மோதுகிறார், நடுவண் அரசின் ஒற்றர் அவரை அணுகுகின்றனர், ஈற்றில் அவர் விலகிப் போகிறார். பன்னிருவருள் ஒருவனாய் இருந்து இருளுக்குள் எழுந்து சென்றவனின் சாயல் அப்பாத்திரத்தின் மீது வேண்டுமென்றே படியவிடப்பட்டுள்ளது.

புரூசார்ட் என்ற பெயரில் அந்த அலுவலகத்தில் எவரும் இருந்ததில்லை. ஆனால் விலகிச் சென்ற ஒருவர் இருந்தார். வில்லியம் குர்விச் என்பது அவர் பெயர். தனியார் துப்பறியும் தொழில் நடத்திவந்த அவர், விசாரணையின் தொடக்கத்திலேயே காரிசனுக்குத் தாமாக உதவ முன்வந்தவர். அரை ஆண்டு காலம் உள்ளிருந்து எல்லாவற்றையும் கண்டார். 1967 ஜூனில், கொலையுண்டவரின் உடன்பிறப்பாகிய ராபர்ட் கென்னடியையே நேரில் சந்தித்து, இந்த வழக்கில் சாரமில்லை எனக் கூறினார். பின்னர் அதைப் பகிரங்கமாகவும் அறிவித்து வெளியேறினார். காரிசன் தம் நூலில் அவரை உள்ளே புகுந்த உளவாளியாகவே வரைகிறார். படமும் அவ்வழியே செல்கிறது. கூடவே, அலுவலகத்தில் ஆவணங்களைக் கவனித்துவந்த டாம் பெதெல் என்னும் ஆங்கிலேயரையும் நினைவுகூரலாம். அவர் அரசுத் தரப்புச் சாட்சிகளின் விவரங்களை எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டார். இவ்விருவரையும் ஒரே தட்டில் வைத்துப் புகழ நாம் விரும்பவில்லை. மேலாளரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லி, கேளாதபோது வெளியேறுவது ஒன்று. நம்பி ஒப்படைத்த கோப்பை மறைவாகக் கைமாற்றுவது வேறொன்று. பின்னதற்கு அறநெறியில் நியாயம் கற்பிக்க நெடிய வாதம் வேண்டும். ஆயினும், இவ்விருவரின் மனப் போராட்டமே ஒரு பெரிய நாடகமாகும் தகுதி வாய்ந்தது. ஸ்டோன் அதைக் கைவிட்டு, துரோகி என்ற எளிய முத்திரையை எடுத்துக்கொண்டார்.

குர்விச் எதைக் கண்டு விலகினார் என்பது பார்வையாளருக்குத் தெரிந்தால் அவரைத் துரோகி எனக் காட்டுவது அரிதாகிவிடும். ஆகவே அதுவும் படத்தில் இல்லை. ஷாவுக்கு எதிராக நின்ற முதன்மைச் சாட்சி பெரி ரூசோ என்னும் இளைஞர். காப்பீட்டுத் தொழிலில் இருந்தவர். 1967 பிப்ரவரியில் காரிசனின் உதவி வழக்கறிஞர் ஆண்ட்ரூ சியாம்ப்ரா அவரைச் சந்தித்து, அவர் கூறியதை நீண்ட குறிப்பாக எழுதினார். ஷாவை இரு தடவை கண்டதாக ரூசோ சொன்னது அக்குறிப்பில் உள்ளது. ஆனால், பின்னர் வழக்கின் அச்சாணியாக மாறிய செய்தி, அதாவது ஷாவும் மற்றவரும் ஒரு விருந்தில் கென்னடியைக் கொல்வது பற்றிப் பேசியதைத் தாம் கேட்டதாக ரூசோ கூறியது, அக்குறிப்பில் காணப்படவில்லை. இதற்கிடையில் ரூசோவுக்கு ‘உண்மை மருந்து’ எனப்படும் சோடியம் பெண்டோதால் செலுத்தப்பட்டது. மருத்துவர் ஒருவர் அவரை அறிதுயிலில் ஆழ்த்தியும் வினவினார். 1967 மே மாதத்தில் ஜேம்ஸ் ஃபெலன் என்னும் இதழாளர் இதை வெளியிட்டார். விருந்துச் செய்தியை ரூசோ முன்பே சொன்னார், குறிப்பில் சேர்க்க விட்டுப்போயிற்று என்பது சியாம்ப்ராவின் மறுமொழி. குடியரசுத் தலைவரைக் கொல்லத் திட்டமிட்ட உரையாடலை விட்டுவிட்டு, மற்றவற்றையெல்லாம் எழுதும் எழுதுகோலை நம்மால் நம்ப இயலவில்லை.

படத்தில் ரூசோவே இல்லை. அவரது இடத்தில் வில்லி ஓகீஃப் என்னும் கற்பனைக் கைதி அமர்த்தப்பட்டுள்ளார். ஊசி மருந்தும் அறிதுயிலும் மறைந்துவிட்டன. டேவிட் ஃபெரி என்னும் விமானி, 1967 பிப்ரவரி 22 அன்று இறந்து கிடந்தவர். இதழாளரிடம் எல்லாவற்றையும் மறுத்துவந்தவர். மூளை இரத்தக்குழாய் வெடித்து இயற்கையாக இறந்தார் என்பது பிணக்கூறு மருத்துவரின் முடிவு. படத்திலோ அவர் விடுதி அறையில் நாயகன் முன் நடுநடுங்கிச் சதியை ஒப்புக்கொள்கிறார். 1969-இல் நடந்த உண்மையான விசாரணையில், நியூயார்க்கிலிருந்து வந்த கணக்காளர் ஒருவர் அரசுத் தரப்பில் சாட்சியளித்தார். குறுக்கு விசாரணையில் அவர், அந்நியர் பலர் தம்மைப் பலமுறை அறிதுயிலில் ஆழ்த்தியதாகவும், கல்லூரியிலிருந்து திரும்பும் சொந்த மகள் உண்மையில் தம் மகள்தானா என அறிய அவளது கைரேகையை எடுப்பதாகவும் கூறினார். நீதிமன்றமே திகைத்தது. ஒரு நாள் முழுக்க அவர் பின்னணியை விசாரிக்க ஒரு புலனாய்வாளரை அனுப்பியிருந்தால் அந்த மனிதருக்கும் அவமானம் நேர்ந்திராது. திரையரங்குகளில் வெளியான படத்தில் அவரும் இல்லை.

கலைஞனுக்குச் சுருக்கவும் மாற்றவும் உரிமை உண்டே என வாசகர் கேட்கலாம். உண்டு. வரலாற்று நாடகம் எழுதுவோர் இரு பாத்திரங்களை ஒன்றாக்குவர், பத்து ஆண்டுகளை ஓரிரவில் அடக்குவர். அதைக் குறைகூறுவோர் கலையை அறியாதவர். நம் குறை வேறிடத்தில் உள்ளது. ஸ்டோன் உண்மையான செய்திப்படத் துணுக்குகளையும், தாமே நடிகரைக் கொண்டு எடுத்த கறுப்பு வெள்ளைக் காட்சிகளையும் இமைப்பொழுதில் மாற்றி மாற்றி ஒட்டுகிறார். எது கேமரா அன்று கண்டது, எது இயக்குநர் இன்று எண்ணியது எனப் பார்வையாளரால் பிரித்தறிய முடிவதில்லை. ஒரு பாத்திரம் ‘இப்படி நடந்திருக்கலாம்’ என்று சொல்லும்; திரையில் அது நடந்தே காட்டப்படும். ‘கலாம்’ காற்றில் கரைந்துவிடும், காட்சி கண்ணில் தங்கிவிடும். படத்தொகுப்புக்கும் ஒளிப்பதிவுக்கும் ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. தகுதியான விருதுகளே; அந்தத் தகுதிதான் நம்மை அஞ்சச் செய்கிறது. புலனாய்வாளரின் குறிப்பேட்டில் ‘கண்டேன்’, ‘கேட்டேன்’, ‘கருதுகிறேன்’ என்று மூன்று தனித்தனிப் பத்திகள் இருக்க வேண்டும். இப்படம் மூன்றையும் ஒரே பத்தியாக எழுதுகிறது.

கிளே ஷாவின் சித்தரிப்பு இன்னும் கவலைக்குரியது. ஷா தன்பாலின ஈர்ப்பு கொண்டவர். படம் அவரைக் களியாட்ட விருந்துகளில், பொன்னிறப் பூச்சும் ஒப்பனையுமாகக் காட்டி, பார்ப்போரின் அருவருப்பைத் தூண்டுகிறது. அந்த அருவருப்பு பின்னர் நீதிமன்றக் காட்சியில் சாட்சியத்தின் வேலையைச் செய்கிறது. ஒருவரைப் பாவி எனக் காட்டிவிட்டால் கொலைகாரர் எனக் காட்டியதாகாது; ஒப்புரவு அருட்சாதனத்தில் பல்லாண்டு அமர்ந்த எந்தக் குருவுக்கும் இவ்வேறுபாடு தெரியும். உண்மையான ஷா, நியூ ஆர்லியன்ஸின் பழைய பிரெஞ்சுக் குடியிருப்பில் இடிபாடான வீடுகளைச் செப்பனிட்டு மீட்டவர், நாடகங்கள் எழுதியவர், அந்நகரின் பன்னாட்டு வணிக மையத்தை நடத்தியவர். படத்தின் இறுதியில், ஷா நடுவண் உளவுத்துறைக்குப் பணியாற்றியதை அதன் முன்னாள் தலைவர் 1979-இல் ஒப்புக்கொண்டார் என எழுத்தில் வருகிறது. வெளிநாடு சென்று திரும்பும் வணிகர் பலரிடம் அத்துறை செய்தி கேட்டறிவது வழக்கம். ஷாவும் அவர்களுள் ஒருவர். இந்த விளக்கம் திரையில் எழுதப்படவில்லை.

நீதிமன்றத்தில் நடந்தது என்ன? 1969 மார்ச் 1 அன்று, கைதான நாளிலிருந்து சரியாக ஈராண்டு நிறைந்தபோது, ஜூரர்கள் 54 நிமிடங்களில் ஒருமனதாக ஷாவைக் குற்றமற்றவர் என விடுவித்தனர். படமும் விடுதலையைக் காட்டுகிறது; நாயகனின் நெடிய கண்ணீர்ச் சொற்பொழிவுக்குப் பின் அது ஒரு தோல்வியாகவே ஒலிக்கிறது. (உண்மையில் வழக்கைப் பெரும்பாலும் நடத்தியவர் ஜேம்ஸ் ஆல்காக் என்னும் உதவி வழக்கறிஞர். காரிசன் நீதிமன்றத்துக்கு அரிதாகவே வந்தார்.) விடுதலையான பிறகு காரிசன், ஷா நீதிமன்றத்தில் பொய் சொன்னதாகப் புதிய வழக்குத் தொடுத்தார். 1971-இல் நடுவண் நீதிமன்றம் தலையிட்டு அதற்குத் தடை விதித்தது. ஷா இழப்பீடு கேட்டுக் காரிசன் மீது வழக்குப் போட்டார். அது விசாரணைக்கு வருமுன் 1974 ஆகஸ்டில் புற்றுநோயால் இறந்தார். அவருக்கு மனைவி மக்களும் இல்லை, பெற்றோர் உடன்பிறந்தாரும் எஞ்சவில்லை. லூசியானாச் சட்டப்படி அத்தகையவரின் வழக்கு அவரோடு மடியும் என 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது படத்தின் இறுதி எழுத்துகளில் இடம்பெற்றிருந்தால், பார்வையாளர் வேறு மனநிலையோடு அரங்கை விட்டு எழுந்திருப்பர்.

தானியேல் நூலின் இறுதிப் பகுதியில் சூசன்னாவின் வரலாற்றை நாம் அறிவோம். மூப்பர் இருவரின் சாட்சியத்தை மக்கள் கூட்டம் முழுவதும் நம்பிவிட்டது. கொலைத் தண்டனையும் உறுதியாயிற்று. அப்போது இளைஞர் தானியேல் செய்தது எளிய புலனாய்வு: இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் என வினவினார். இருவரும் வெவ்வேறு மரத்தைச் சொன்னார்கள். கூட்டத்தின் பார்வையில் அவரும் அந்தக் கணத்தில் இடையூறு செய்பவரே. திருச்சபையும் தன் பங்குக்கு, புனிதர் பட்டம் கோரும் வழக்குகளில் எதிர்வாதம் செய்வதற்கென்றே 1587-இல் ஒரு பதவியை நிறுவியது. மக்கள் அவரைச் ‘சாத்தானின் வழக்கறிஞர்’ எனக் கேலியாக அழைத்தனர். 1983-இன் சீர்திருத்தத்தில் அப்பதவியின் பொறுப்புகள் பெரிதும் குறைக்கப்பட்டது நன்மையா என்பது தனிக் கட்டுரைக்கு உரியது. புனிதரைத் தேர்வதற்கே மறுப்பவர் ஒருவர் தேவையென்றால், கொலைகாரனைத் தேர்வதற்கு எத்தனை பேர் தேவை?

படத்துக்கு உரிய நன்றியையும் மறைக்கலாகாது. அது எழுப்பிய கூச்சலின் விளைவாகவே 1992-இல் அமெரிக்க நாடாளுமன்றம் கென்னடி கொலை ஆவணங்களைத் திரட்டி வெளியிடும் சட்டத்தை இயற்றியது. 1994 முதல் 1998 வரை ஒரு மறுஆய்வு வாரியம் இயங்கி, பூட்டிக் கிடந்த எண்ணற்ற தாள்களை மக்கள் கண்ணுக்குக் கொணர்ந்தது. கொலையை நேரில் படம்பிடித்த சாப்ருடரின் சுருளை அழைப்பாணையால் பெற்று 1969-இல் நீதிமன்றத்தில் திரையிட்டதும் காரிசன் செய்த நற்பணி. ஆஸ்வால்டு ஒருவரே கொலையாளியா என்ற வினாவில் நாம் இங்கே நுழையவில்லை. அரசாங்கம் மறைத்ததை ஐயுறக் கற்பித்த படம், தன் நாயகனை ஐயுறக் கற்பிக்கவில்லை என்பதே நம் வழக்கு.

மறுஆய்வு வாரியம் தேடிய தாள்களுள் காரிசன் அலுவலகத்தின் தாள்களும் அடங்கும். 1973 தேர்தலில் காரிசனைத் தோற்கடித்துப் பதவிக்கு வந்தவர் ஹாரி கானிக். காரிசன் காலத்து முன்விசாரணை ஜூரியின் வாக்குமூலப் பதிவுகளை எரித்துவிடுமாறு அவர் தம் புலனாய்வாளர் ஒருவருக்கு உத்தரவிட்டார். அந்தப் புலனாய்வாளர் எரிக்கவில்லை. பல்லாண்டுகள் தம்மிடமே வைத்திருந்தார். 1995-இல் அவை ஒரு தொலைக்காட்சி இதழாளர் வழியாக மறுஆய்வு வாரியத்தைச் சென்றடைந்தன. காரிசனுக்கு எதிராகவும் ஆதரவாகவும் வாதிடுவோர் இன்று அவற்றையே புரட்டுகின்றனர். இவரைப் பற்றி எவரும் மூன்று மணி நேரப் படம் எடுக்கவில்லை.

அதே அலுவலகம், அதே கானிக்கின் காலம், வேறொரு தாள். 1985-இல் ஜான் தாம்சன் என்னும் கறுப்பின இளைஞர் ஒரு கொள்ளை முயற்சிக்காகவும், பின்னர் ஒரு கொலைக்காகவும் தண்டிக்கப்பட்டார். கொலைக்கு மரண தண்டனை. கொள்ளையனின் இரத்தம் தோய்ந்த துணித் துண்டை ஆய்வகம் சோதித்து, இரத்தம் ‘பி’ வகை என அறிக்கை அளித்திருந்தது. தாம்சனின் இரத்தம் ‘ஓ’ வகை. அந்த அறிக்கை எதிர்த்தரப்புக்குக் காட்டப்படவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான சான்றை அரசுத் தரப்பு மறைக்கலாகாது என உச்ச நீதிமன்றம், கென்னடி இறந்த அதே 1963-இல், தீர்ப்பளித்திருந்தும் காட்டப்படவில்லை. 1994-இல், தாம் விரைவில் இறக்கப்போவதை அறிந்த உதவி வழக்கறிஞர் ஒருவர், சான்றை மறைத்ததைத் தம் நண்பரிடம் ஒப்புக்கொண்டார். அந்த நண்பரும் வழக்கறிஞரே; அவர் ஐந்து ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. 1999-இல், தூக்கிலிட அல்ல, நச்சூசி செலுத்த நாள் குறிக்கப்பட்டு ஏறத்தாழ ஒரு மாதமே எஞ்சியிருந்தபோது, தாம்சனின் வழக்கறிஞர்கள் அமர்த்திய புலனாய்வாளர் ஒருவர் ஆய்வகத்தின் பழைய நுண்படக் கோப்புகளைத் துருவி அந்த அறிக்கையைக் கண்டெடுத்தார். கண்டெடுக்க வேண்டியவர் அரசு அலுவலகத்துப் புலனாய்வாளர். கண்டெடுத்தவர் எதிர்த்தரப்பின் கூலி பெற்றவர்.

கொள்ளை வழக்குத் தண்டனை நீக்கப்பட்டது. கொலை வழக்கு மறுவிசாரணைக்கு வந்தது. தாம்சன் அப்போது சிறையில் 18 ஆண்டுகளைக் கழித்திருந்தார், அவற்றுள் 14 ஆண்டுகள் மரண தண்டனைக் கைதியாக. பின்னாளில் ஜூரர் அவருக்கு வழங்கிய ஒரு கோடியே 40 இலட்சம் டாலர் இழப்பீட்டை 2011-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீக்கிவிட்டது. 2017-இல் அவர் காலமானார். 2003-இல் நடந்த அந்த மறுவிசாரணையில், அவரைக் குற்றமற்றவர் என விடுவிக்க ஜூரர் எடுத்துக்கொண்ட நேரம் 35 நிமிடங்கள்.